தமிழ்த் தளத்தில் எழுத்தை வாசிக்கவும் தேடிப் பிடிக்கவும் வசதியாக அமைப்பது எப்படி?

உட்துறைமுகம்:

வணக்கம். திருகோணமலைக்கு வருகிற ஆட்களுக்கான சின்னத் தகவல் தளம் ஒன்று எங்கள் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. வேர்ட்பிரஸ் என்ற தள உருவாக்க மென்பொருளில் ஓடுகிறது. கோணேச்சரம், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், புறாத்தீவு, நிலாவெளி, மூதூர், கிண்ணியா என்று இடத்துக்கொரு பக்கம். அதோடு பஸ் விபரம், தங்குமிடம், அறிவித்தல்கள். பெரும்பகுதி ஒரு பழைய சிறப்பு மலரிலிருந்து எடுத்தது. மலர்க் கட்டுரைகள் சில வேர்ட் கோப்பாகவும் சில பிடிஎஃப் ஆகவும் கைக்கு வந்தன. அறிவித்தல்கள் எல்லாம் போஸ்டர் படங்கள்.

பிரச்சினை இரண்டு. தகவல் பக்கத்தில் இருக்கும்போதே ஆட்கள் போன் எடுத்து அதையே கேட்கிறார்கள்: “புறாத்தீவுக்கு எந்த மாதம் போகலாம்?”, “மூதூருக்கு எங்கே பஸ் ஏறுவது?” மற்றது, கூகுளில் தமிழில் தேடினால் எங்கள் பக்கம் வருவதே இல்லை. தளத்துக்குள் இருக்கிற தேடல் பெட்டியில் அடித்தாலும் பாதிச் சொற்களுக்கு ‘ஒன்றும் கிடைக்கவில்லை’ என்றே வருகிறது.

இப்போதைய கோலம்: பக்கத்துக்கு மூன்று நாலு நீளப் பந்திகள். தலையங்கம் தடித்த எழுத்தில், நடுவில், சிவப்பில். பந்திகள் இரண்டு ஓரமும் சமப்படுத்தியவை. எழுத்து 14 பிக்சல். எங்கிருந்து தொடங்கலாம்? நல்ல எழுத்துரு ஒன்றைப் போட்டால் போதுமா?

எழுத்தாணி:

எழுத்துருவுக்குப் போக முன்னம் பக்கத்தில் இருப்பது உண்மையிலேயே தமிழ் எழுத்துத்தானா என்று பாருங்கள். பழைய மலர் என்றால் பாமினி என்ற பழைய எழுத்துருவில் ரைப் பண்ணியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு வரியைக் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோட், அதாவது தமிழ் எழுத்துக்கே தனிக் குறியீடு உள்ள பொது முறை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வந்தால் பாமினி.

பாமினியில் ‘அம்மா’ என்று கண்ணுக்குத் தெரிவது கணினிக்கு எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து விசைகள். எழுத்துரு அந்த ஐந்துக்கும் தமிழ் உருவம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். கூகுள் உருவத்தைப் பார்ப்பதில்லை, விசையைத்தான் பார்க்கிறது. ஆகவே அப்படிப்பட்ட பக்கத்தை எந்தத் தமிழ்ச் சொல்லைக் கொண்டும் பிடிக்க முடியாது. பார்வையற்றோர் பாவிக்கிற திரைவாசிப்பானும் அதை அர்த்தமில்லாத ஆங்கிலமாகத்தான் வாசிக்கும்.

பாமினியை யூனிகோடாக்கும் இலவச மாற்றிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றுவது ஒரு நிமிட வேலை. மாற்றிய பிறகு கிடக்கிற குப்பையைத் துப்புரவாக்குவதுதான் பாடு. எங்கள் பக்கத்துத் தளங்களில் திரும்பத் திரும்பக் காண்கிறவை இவை:

கமா ‘இ’ ஆகிவிடும். பாமினியில் கமா விசைதான் ‘இ’. ரைப் பண்ணியவர் ஆங்கில எழுத்துருவுக்கு மாறிப் போட்ட கமாவையும் மாற்றி ‘இ’ ஆக்கிவிடும். ‘கன்னியாஇ நிலாவெளிஇ மூதூர்’ என்று நிற்கும். தமிழில் எந்தச் சொல்லும் தனி ‘இ’யில் முடியாது. ஆகவே ‘இ’யும் இடைவெளியும் சேர்ந்து வரும் இடமெல்லாம் கமாவும் இடைவெளியுமாகத் துணிந்து மாற்றலாம். உங்கள் பஸ் பக்கத்தில் ‘இ.போ.ச’ (இலங்கைப் போக்குவரத்துச் சபை) இருந்தால் பயமில்லை, அங்கே இடைவெளி இல்லை, புள்ளிதான் இருக்கிறது.

‘ர’வுக்குப் பதிலாகத் துணைக்கால். இது கண்ணுக்குப் பிடிபடாத களவு. ‘அவா்கள்’ என்று துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்தது, ‘அவர்கள்’ மாதிரியே தெரியும். தேடினால் கிடைக்காது, ஏனென்றால் அது வேறு எழுத்து. துணைக்காலுக்குப் பின்னால் புள்ளியோ, ‘ி’ விசிறியோ, ‘ீ’ விசிறியோ தமிழில் வரவே வராது. ஆகவே ‘ா்’ வருமிடமெல்லாம் ‘ர்’, ‘ாி’ வருமிடமெல்லாம் ‘ரி’, ‘ாீ’ வருமிடமெல்லாம் ‘ரீ’ என்று மாற்றுங்கள். ஒரு பொறி இருக்கிறது: ‘தெரிவு’ என்பது ‘தொிவு’ ஆகியிருந்தால் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் ஒட்டி ‘ொ’ என்ற ஒரே குறியாகியிருக்கலாம். மேற்சொன்ன மாற்று அதைப் பிடிக்காது. ‘ொி’யை ‘ெரி’ என்றும் ‘ோி’யை ‘ேரி’ என்றும் தனியாக மாற்ற வேண்டும்.

‘ஔ’ என்பதை ‘ஒ’, ‘ள’ என்று இரண்டெழுத்தாக அடித்திருப்பார்கள். ‘ஒளவையார்’ என்று தேடினால் ஒரு பக்கம் வரும், ‘ஔவையார்’ என்று தேடினால் வேறு பக்கம். இதை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது, ‘ஒளி’, ‘ஒளிந்து’ எல்லாம் கெட்டுவிடும். சொல் சொல்லாகப் பாருங்கள்.

மலருக்குள் ஆங்கிலத்தில் இருந்த பெயர்கள், மின்னஞ்சல் முகவரிகள் மாற்றியில் விழுந்து அர்த்தமில்லாத தமிழாகியிருக்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இத்தனை பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திறக்கத் தேவையில்லை. ‘பெட்டர் சேர்ச் ரீபிளேஸ்’ என்ற பிளக்கின் (வேர்ட்பிரஸில் சேர்க்கும் துணை மென்பொருள்) தரவுத்தளம் முழுவதும் ஒரேயடியாக மாற்றும். முதலில் தளத்தை பேக்அப் எடுங்கள், பிறகு அதிலுள்ள வெள்ளோட்டத் தெரிவில் எத்தனை இடம் மாறப் போகிறது என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து தமிழைக் கொப்பி பண்ண வேண்டாம். யூனிகோடில் செய்த பிடிஎஃப் ஆனாலும் ‘ெ’, ‘ே’, ‘ை’ இடம் மாறி வருவது வழக்கம். வேர்ட் கோப்பு இருக்கும் கட்டுரைக்கு அதையே எடுங்கள். இல்லாததுக்கும் போஸ்டர் படங்களுக்கும் ஒரு வழி: படத்தைக் கூகுள் டிரைவில் ஏற்றி, வலது கிளிக்கில் கூகுள் டொக்ஸால் திறந்தால் தமிழ் எழுத்தைப் பிரித்தெடுத்துத் தரும். அச்சு எழுத்துக்கு நன்றாக வரும், அலங்கார எழுத்துக்கு வராது. போஸ்டர் படம் பக்கத்தில் இருக்கட்டும், அதன் கீழே திகதி, இடம், நேரம் மூன்றையும் எழுத்தாக அடித்துவிடுங்கள்.

மடத்தடி:

இவ்வளவு மினக்கெடாமல் ஒரு குறுக்கு வழி இருக்கு. தேடக்கூடிய சொல் எல்லாத்தையும் பக்கத்தின் அடியில் வெள்ளை எழுத்தில வரிசையாப் போட்டுவிடுங்கோ, ஆக்களுக்குத் தெரியாது, கூகுளுக்குத் தெரியும். ஆக்களுக்குத் தெரியாமல் தேடுசொல் குடுக்கிற மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியிலயும் அதையே போடலாம்.

சல்லிக்கரை:

மடத்தடி சொன்ன இரண்டையும் விடுங்கள். மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்குப் பாவிப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. பின்னணி நிறத்தில் எழுத்தை ஒளிப்பது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கு மாறானது, பிடிபட்டால் பக்கம் பின்னுக்குப் போகும் அல்லது தேடலிலிருந்தே தூக்கப்படும். இருக்கிற கொஞ்ச வரவும் போய்விடும்.

எழுத்தாணி சொன்ன துப்புரவு முடிந்த பிறகு அடுத்த வேலை வசன நடை. போன் எடுத்துக் கேட்கிறார்கள் என்றீர்களே, காரணம் இதுதான். மலர் நடை இப்படித்தான் இருக்கும்:

“இயற்கை அன்னையின் எழில் கொஞ்சும் கீழைக்கரையிலே, அலைகடலின் தாலாட்டில் கண்வளரும் புறாத்தீவின் பேரழகைக் கண்டு களிக்க உள்நாட்டினரும் வெளிநாட்டினரும் வருடந்தோறும் வருகை தந்த வண்ணமுள்ளனர். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் தவிர்ந்த, கடல் அமைதியாகவுள்ள மாதங்களிலேயே படகில் செல்ல முடியும் என்பதும் குறிப்பிடத்தக்கது.”

ஆள் தேடி வந்த ஒரே தகவல் ‘என்பதும் குறிப்பிடத்தக்கது’க்கு முன்னால் ஒளிந்திருக்கிறது. போனில் ஓட்டமாகப் பார்ப்பவர் அங்கே போய்ச் சேர மாட்டார். ஜேக்கப் நீல்சன் 1997இல் வெளியிட்ட சோதனையிலேயே 79 சதவீதமானோர் புதுப் பக்கத்தைக் கண்ணால் மேய்ந்தார்கள், சொல்லுக்குச் சொல் வாசித்தவர்கள் 16 சதவீதம்தான். அது மேசைக் கணினிக் காலம். அதே பக்கத்தை இப்படி எழுதலாம்:

புறாத்தீவு: எந்த மாதம் போகலாம்?
மே முதல் செப்டெம்பர் வரை நல்ல காலம். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், படகு ஓடாத நாட்கள் உண்டு.

புறாத்தீவு: படகு எங்கே ஏறுவது?
நிலாவெளிக் கடற்கரையில். தீவு கரையிலிருந்து ஏறக்குறைய 1 கிலோமீற்றர்.

புறாத்தீவு: கட்டணம்
இரண்டு கட்டணம். நுழைவுச் சீட்டு வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, படகுக் கூலி தனி.

புறாத்தீவு: செய்யக் கூடாதவை
2003 முதல் இது தேசிய பூங்கா. பவளப்பாறையில் ஏறி நிற்கவோ, பவளம் சிப்பி பொறுக்கவோ கூடாது.

எழில், தாலாட்டு எல்லாம் வேண்டுமென்றால் கீழே ‘புறாத்தீவு பற்றி’ என்ற பகுதியில் இருக்கட்டும். எழுதியவர் மனமும் நோகாது.

பார்த்தீர்களா, ஒவ்வொரு தலையங்கமும் ‘புறாத்தீவு’ என்ற முழுப் பெயரிலேயே தொடங்குகிறது. இது தமிழில் முக்கியம். வேர்ட்பிரஸின் உள் தேடல் அடித்த எழுத்து அப்படியே இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், வேர்ச்சொல் அதற்குத் தெரியாது. பக்கத்தில் ‘புறாத்தீவில்’ என்று மட்டும் இருந்தால் ‘புறாத்தீவு’ என்று தேடுபவருக்குக் கிடைக்காது, ஏனென்றால் ‘வு’ போய் ‘வி’ ஆகிவிட்டது. ‘மூதூரில்’ இருந்தால் ‘மூதூர்’ கிடைக்காது. ‘கட்டணத்தை’, ‘கட்டணமாக’ என்று எழுதியிருந்தால் ‘கட்டணம்’ கிடைக்காது. ‘படகில்’ இருந்தால் ‘படகு’ கிடைக்காது. ‘நிலாவெளியில்’, ‘கடற்கரையில்’ போன்றவை தப்பிவிடும், அவற்றில் பெயர் முழுதாக உள்ளே நிற்கிறது. உங்கள் தேடல் பெட்டி பாதிச் சொல்லுக்குக் கைவிரிப்பதற்கு பாமினி ஒரு காரணம், இது மற்றக் காரணம். பிரவுசரில் கன்ட்ரோல், எஃப் அடித்துத் தேடினாலும் இதே கதைதான்.

ஆகவே ஒரு பக்கத்தின் முக்கிய பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் வேற்றுமை உருபு ஏறாமல் ஒருதடவையாவது வர வேண்டும். தலையங்கமும் அட்டவணையின் முதல் நிரலும்தான் (மேலிருந்து கீழாக ஓடும் வரிசை) அதற்கு வசதியான இடங்கள். பந்திக்குள் வலிந்து திணித்தால் வசனம் நொண்டும்.

அடுத்தது, தலையங்கத்தைத் தடித்த எழுத்தாக்கிச் செய்யாதீர்கள். எடிட்டரில் தலையங்கம் என்ற பிளொக்கையே எடுத்து மட்டம் கொடுங்கள். பக்கத்தின் பெயர் எச்1 (முதல் மட்டத் தலையங்கம்), அதை வேர்ட்பிரஸ் தானே போடும். பெரிய பகுதிகள் எச்2, அவற்றுக்குள் வருபவை எச்3. எழுத்து சின்னதாக வேண்டுமென்று எச்2வைத் தாண்டி எச்4க்குப் போகக் கூடாது, அளவைச் சிஎஸ்எஸ்ஸில் (தோற்றத்தைத் தீர்மானிக்கும் குறிமுறை) மாற்றுங்கள். திரைவாசிப்பான் பாவிப்பவர் எச் விசையைத் தட்டித் தலையங்கம் தலையங்கமாகத் தாவுவார். தடித்த எழுத்து வெறும் தடித்த எழுத்துத்தான், அதில் அந்தத் தாவல் நடக்காது.

தேடலில் தெரியும் தலைப்பு வேறு விடயம். கூகுள் அதை எழுத்து எண்ணி வெட்டுவதில்லை, அகலம் பார்த்து வெட்டுகிறது. தமிழ் எழுத்து அகலம், ஆகவே ஆங்கிலத்தைவிட முந்தியே வெட்டுப்படும். தளத்தின் நீளப் பெயரை முன்னுக்கு வைத்தால் எல்லாப் பக்கமும் தேடலில் ஒரே பெயராகத் தெரியும். ‘புறாத்தீவு: காலம், படகு, கட்டணம்’ முன்னுக்கு, தளத்தின் பெயர் கடைசியில்.

‘இங்கே கிளிக் செய்க’ என்ற இணைப்புகளும் இருக்குமென்று நினைக்கிறேன். ‘மூதூர் பஸ் நேரம்’ என்று போகுமிடத்தின் பெயரையே இணைப்பாக்குங்கள்.

கறுப்புமை:

எழுத்தின்ர தோற்றம் பற்றி நான் சொல்லுறன். தமிழுக்கு ஆங்கிலத் தீமில (தளத்தின்ர தோற்ற வார்ப்புருவில) இருக்கிற அளவுகள் சரிவராது, அதுதான் அடிப்படைப் பிரச்சினை.

14 பிக்சல் காணாது. ஆங்கிலத்துக்கு 16 போதும், தமிழுக்கு 17, 18 வேணும், ண, ன, ணை, னை எல்லாம் சுழிக்குள்ள சுழி. வரி உயரம் 1.7. தமிழில மேலே விசிறியும் புள்ளியும், கீழே ‘ு’, ‘ூ’ வாலும் வருது, 1.4 இல ரெண்டும் முட்டும். பந்திக்கும் பந்திக்கும் இடையில ஒரு வரி அளவு இடம். கணினியில வரி நீளம் 640 முதல் 680 பிக்சலுக்குள்ள நிக்கட்டும், ஏழெட்டுச் சொல் வரும். திரை முழுக்க ஓடுற வரியில அடுத்த வரியின்ர தொடக்கத்தைக் கண் தவறவிடும்.

தலையங்கத்தில கவனம். அனேக தீம்களில தலையங்க வரி உயரம் 1.1, 1.2 எண்டு இருக்கும். தலையங்கம் போனில ரெண்டு வரியா மடிஞ்சா மேல் வரி ‘வு’வின்ர வாலும் கீழ் வரி ‘தீ’யின்ர சுழியும் ஒண்டிலொண்டு ஏறும். முகப்புப் பக்கத்தில அட்டை அட்டையா வாற தலைப்புகளில இன்னும் மோசம், பெட்டிக்கு வெளியில போறதை வெட்டு எண்டு தீம் சொல்லியிருந்தா புள்ளியே வெட்டுப்படும். ‘ர்’ எல்லாம் ‘ர’ ஆகிடும். தலையங்கத்துக்கு 1.4 குடுங்கோ. எழுத்திடை வெளியைச் சுழியமாக்குங்கோ, ஆங்கிலத் தலைப்பை இறுக்கிறதுக்காகத் தீம் அதைக் குறைச்சு வச்சிருக்கும்.

ரெண்டு ஓரமும் சமப்படுத்துறதை இண்டைக்கே எடுங்கோ. ‘திருகோணமலையிலிருந்து’ எண்ட ஒரு சொல்லே போன் வரியில பாதிக்கு மேல விழுங்கும். அது அடுத்த வரிக்குத் தள்ளுப்பட்டா மிஞ்சின ரெண்டு சொல்லையும் பிரவுசர் ரெண்டு அந்தத்துக்கும் இழுத்துவிடும், நடுவில பெரிய ஓட்டை. இடப்பக்கம் ஒட்டி விடுங்கோ. நடுவில வைக்கிறதும் வேண்டாம், கண் கீழே இறங்கேக்க இடது ஓரத்தைப் பிடிச்சுத்தான் இறங்கும்.

சிவப்பு. வெள்ளையில சுத்தச் சிவப்புக்கு நிற வேறுபாடு ஏறக்குறைய 4:1. பார்வைக் குறைபாடு உள்ளவைக்குமான இணைய அணுகல் வழிகாட்டி சாதாரண எழுத்துக்குக் கேக்கிறது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. ஆகவே பெரிய தலையங்கத்துக்குச் சிவப்பு தப்பும், பந்திக்குள்ள தப்பாது. எண்டாலும் எல்லாத் தலையங்கமும் சிவப்பெண்டா உண்மையான எச்சரிக்கைக்கு என்ன நிறம் மிஞ்சும்? ‘இண்டைக்குக் கடல் கொந்தளிப்பு, படகு இல்லை’ எண்டதுக்குச் சிவப்பை வச்சுக்கொள்ளுங்கோ.

சாய்ந்த எழுத்து அனேக தமிழ் எழுத்துருக்களில இல்லை. அந்தப் பொத்தானை அழுத்தினா பிரவுசர் நேர் எழுத்தைப் பலவந்தமாச் சரிச்சுக் காட்டும், வாசிக்க ஏலாது. தடித்த எழுத்தும் ஒரு பந்தியில ரெண்டு சொல்லுக்கு மேல வேண்டாம். அடிக்கோடு இணைப்புக்கு மட்டும். அதுவும் கொஞ்சம் கீழ இறக்கி, 0.25 இஎம் (எழுத்தளவில கால்பங்கு) அளவில, இல்லாட்டிக் ‘கு’, ‘மு’வின்ர வாலை வெட்டும்.

எழுத்துரு கேட்டீங்கள். என்ர அபிப்பிராயம், தகவல் தளத்துக்கு வெளி எழுத்துருவே தேவையில்லை. அன்ட்ரொயிட்டில நோட்டோ சான்ஸ் தமிழ் இருக்கு, ஐபோனில தமிழ் சங்கம், விண்டோஸில நிர்மலா, பழசில லதா. நாலும் யூனிகோட், நாலும் வாசிக்கலாம். டேட்டா மிச்சம், பக்கம் உடனே திறக்கும். எல்லா இடத்திலயும் ஒரே மாதிரித் தெரியவேணும் எண்டா நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது முக்த மலர் போடுங்கோ, 400 (சாதாரணம்), 700 (தடித்தது) ரெண்டு தடிப்பும் சேர்த்து. 400 மட்டும் ஏத்தினா தடித்த எழுத்தைப் பிரவுசர் தானே பூசி உண்டாக்கும், சுழி எல்லாம் அடைபடும். எழுத்துரு வந்து சேருமட்டும் போனில இருக்கிற எழுத்தில காட்டட்டும் எண்டு ‘ஸ்வொப்’ தெரிவையும் போடுங்கோ, இல்லாட்டிச் சிக்னல் குறைஞ்ச இடத்தில கொஞ்ச நேரம் வெறும் பக்கம்தான் தெரியும்.

உட்துறைமுகம்:

மிக்க நன்றி. பரிசோதித்தேன், மலரிலிருந்து எடுத்த பக்கங்களில் அரைவாசிக்கு மேல் பாமினிதான். மாற்றத் தொடங்கியாயிற்று. இன்னும் சில சந்தேகங்கள். பக்கத்தின் முகவரியும் தமிழில் இருந்தால் தேடலுக்கு நல்லதா? ஆட்கள் திருமலை, திருகோணமலை, திருக்கோணமலை என்று பலவிதமாக எழுதுகிறார்கள், எதைப் போடுவது? சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அதே பக்கத்திலேயே கீழே சேர்க்கலாமா? சல்லிக்கரை, எல்லாவற்றையும் புள்ளிப் பட்டியலாக்கிவிட்டால் இன்னும் லேசாகாதா?

எழுத்தாணி:

முகவரி: தமிழில் போடலாம், கூகுள் வாசிக்கும். ஆனால் கொப்பி பண்ணி வட்ஸ்அப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று சதவீதக் குறியும் ஆறு இலக்கமுமாக, மொத்தம் ஒன்பது எழுத்தாக விரியும். ‘திருகோணமலை’யில் குறிகள் பத்து (‘தி’ என்பது ‘த’, ‘ி’ என்று இரண்டு குறி), அதுவே 90 எழுத்து. வேர்ட்பிரஸ் பக்கப் பெயருக்குக் கொடுக்கும் இடம் 200. அதாவது இருபத்திரண்டு தமிழ்க் குறியோடு முகவரி நடுச்சொல்லில் அறுந்துவிடும். அறுந்தாலும் வேலை செய்யும், ஆனால் பார்க்கிறவருக்குச் சந்தேகமான இணைப்பாகத் தெரியும். ஆங்கில எழுத்தில் ‘கன்னியா’, ‘புறாத்தீவு’ என்று ஒலிப்பெயர்ப்பில் சுருக்கமாக வைப்பதே என் தெரிவு.

இருக்கிற முகவரியை மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். இடுகைகளின் பெயரை மாற்றினால் வேர்ட்பிரஸ் பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகவே புதியதுக்கு அனுப்பும். பக்கங்களுக்கு அந்த வசதி இல்லை. உங்கள் இடங்கள் எல்லாம் ‘பக்கம்’ வகையில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 301 திருப்பல் போட வேண்டும், அதற்கும் பிளக்கின் இருக்கிறது. இல்லாவிட்டால் பேஸ்புக்கில் முன்னர் பகிர்ந்த இணைப்பெல்லாம் ‘பக்கம் இல்லை’ என்ற 404 காட்டும்.

ஊர்ப் பெயர்: தலைப்பிலும் தலையங்கத்திலும் ஒன்றையே தளம் முழுக்கப் பாவியுங்கள், ‘திருகோணமலை’ பொது வழக்கு. முகப்புப் பக்கத்திலும் ‘எப்படி வருவது’ பக்கத்திலும் ‘திருமலை என்றும் திருக்கோணமலை என்றும் எழுதுவார்கள்’ என்று ஒரு வசனம் இயல்பாக வரட்டும். பந்திக்குப் பந்தி மூன்றையும் மாற்றி மாற்றி எழுதினால் வாசிப்பவருக்கு மூன்று ஊர் போலத் தெரியும்.

மூன்று மொழியை ஒரே பக்கத்தில் அடுக்க வேண்டாம். கூகுள் ஒரு பக்கத்தின் மொழியைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தை வைத்தே தீர்மானிக்கிறது, கலந்தால் அதற்கும் குழப்பம், கீழே உருட்டும் ஆளுக்கும் சலிப்பு. மொழிக்கொரு முகவரி வைத்து, அவை ஒன்றுக்கொன்று மறுமொழிப் பிரதிகள் என்று ‘எச்ரெஃப்லாங்’ குறியால் கட்டுங்கள். தமிழ்ப் பக்கம் சிங்களப் பக்கத்தைக் காட்டினால் சிங்களப் பக்கமும் தமிழ்ப் பக்கத்தைக் காட்ட வேண்டும், ஒருபக்கக் கட்டைக் கூகுள் கணக்கில் எடுக்காது. தள அமைப்பில் மொழியைத் தமிழாக்க மறக்காதீர்கள். அது கூகுளுக்கு அல்ல, திரைவாசிப்பானுக்கு: மொழி ஆங்கிலம் என்று கிடந்தால் தமிழ் எழுத்தை ஆங்கிலக் குரலில் உச்சரிக்கப் பார்க்கும் அல்லது மௌனமாகத் தாண்டிவிடும்.

சல்லிக்கரை:

புள்ளிப் பட்டியல் ஒன்றுக்கொன்று சமமான, குறுகிய விடயங்களுக்குத்தான்: கொண்டு வரவேண்டிய பொருள்கள், கோயிலில் தவிர்க்க வேண்டியவை. ஒழுங்கு முக்கியமென்றால் இலக்கப் பட்டியல். காரணம், நிபந்தனை, ‘ஆனால்’ எல்லாம் வரும் இடத்தில் வசனம்தான் வேண்டும். ‘கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, ஆகவே முதல்நாள் கேட்டுவிட்டு வாருங்கள்’ என்பதை மூன்று புள்ளியாக உடைத்தால் ‘ஆகவே’ செத்துவிடும். பஸ் நேரம், கட்டணம் ஆகியவற்றுக்கு அட்டவணை.

பக்கத்தைப் பிரிப்பதா, சேர்ப்பதா என்பதற்கு என் அளவுகோல்: ஒரே பயணத்தில் ஒரே ஆள் கேட்கும் கேள்விகள் ஒரே பக்கத்தில். புறாத்தீவின் காலம், படகு, கட்டணம் மூன்றும் ஒன்றாக இருக்கட்டும், ஒவ்வொன்றும் ஒரு பக்கமானால் நாலு வரிப் பக்கங்கள் பெருகும். நீளம் கூடினால் மேலே உள்ளடக்கம் வையுங்கள். ஒவ்வொரு எச்2வுக்கும் எடிட்டரின் வலப்பக்கத்தில் ‘மேம்பட்டவை’க்குள் நங்கூரப் பெயர் ஒன்று, ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல், கொடுத்தால் நேரே அந்தப் பகுதிக்கு இணைக்கலாம். போனில் கேட்பவருக்கும் அந்த இணைப்பையே வட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

ஒரு எச்சரிக்கை, அமைப்பைப் பற்றியதல்ல. பழைய மலர் என்கிறீர்கள். கிண்ணியாப் பாலம் திறந்தது 2009இல். அதற்கு முந்திய கட்டுரை என்றால் ‘பாதையில் ஏறிக் கிண்ணியாவுக்குக் கடக்கலாம்’ என்று எங்காவது கிடக்கும் (பாதை என்பது ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவை). எழுத்தைத் தெளிவாக்கினால் பிழையும் தெளிவாகத்தான் தெரியும். மாறக்கூடிய தகவல் உள்ள ஒவ்வொரு பகுதிக்கும் கீழே ‘கடைசியாகச் சரிபார்த்தது’ என்று மாதமும் வருடமும் போடுங்கள், உண்மையாகச் சரிபார்த்தால் மட்டும்.

திருத்தி முடித்த பக்கத்தைக் கூகுளின் இலவசக் கருவியான சேர்ச் கொன்சோலில் முகவரிப் பரிசோதனைக்குக் கொடுத்து அட்டவணையில் சேர்க்கக் கேளுங்கள். சில வாரம் கழித்துச் செயற்றிறன் அறிக்கையில் என்ன சொல்லால் தேடி வருகிறார்கள் என்று பாருங்கள். காட்டப்பட்ட எண்ணிக்கை கூட, கிளிக் குறைவு என்றால் பக்கம் கூகுளுக்குத் தெரிகிறது, தலைப்புத்தான் ஆளை இழுக்கவில்லை. அந்த அறிக்கையில் ஆட்கள் அடித்த சொற்களே அடுத்த தலையங்கங்கள். நீங்கள் ‘வெந்நீரூற்று’ என்று எழுதி, அவர்கள் ‘சுடுதண்ணிக் கிணறு’ என்று தேடினால் அதுவும் பக்கத்தில் ஒருதடவை வரட்டும்.

உட்துறைமுகம்:

‘ா்’ மாற்றம் ஓடவிட்டேன், நினைத்ததைவிடக் கூட இடத்தில் இருந்தது. இப்போது ‘மூதூர்’ என்று உள் தேடலில் அடித்தால் பக்கம் வருகிறது. பஸ் நேரத்தை அட்டவணையாக்கினேன், ஆறு நிரல். கணினியில் நன்றாக இருக்கிறது, போனில் திரைக்கு வெளியே ஓடி முழுப் பக்கமும் பக்கவாட்டில் ஆடுகிறது. எழுத்தைச் சின்னதாக்கலாமா?

கறுப்புமை:

சின்னதாக்க வேண்டாம். முதல்ல நிரலைக் குறையுங்கோ. ‘இலக்கம்’ எண்ட முதல் நிரல் யாருக்கும் தேவையில்லை, தூக்குங்கோ. எல்லா நிரையிலயும் ‘திருகோணமலை’ எண்டே வாற ‘புறப்படும் இடம்’ நிரலையும் தூக்கி அட்டவணைக்கு மேல தலையங்கத்தில சொல்லுங்கோ: ‘திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து புறப்படும் நேரம்’. ‘குறிப்பு’ நிரலில ஒண்டு ரெண்டு நிரைக்குத்தான் ஏதும் இருக்குமெண்டா அதைக் கீழ ஒரு வசனமா எழுதுங்கோ. மூண்டு நிரல் மிஞ்சும்: போகுமிடம், நேரம், இ.போ.ச அல்லது தனியார். இது போனில நிக்கும்.

அதுக்குப் பிறகும் ஓடினா அட்டவணையைச் சுத்தி ஒரு பெட்டி போட்டு, அந்தப் பெட்டிக்கு ‘ஓவர்ஃப்ளோ-எக்ஸ்’ எண்டதை ‘ஓட்டோ’ ஆக்குங்கோ. அட்டவணை மட்டும் பக்கவாட்டில நகரும், பக்கம் ஆடாது. நீளச் சொல் பெட்டியைத் தள்ளுதெண்டா அந்த நிரலுக்கு ‘ஓவர்ஃப்ளோ-ரப்’ எண்டதில ‘எனிவேர்’, ஆனா அதைப் பந்திகளுக்குப் போடாதேங்கோ, சொல்லைக் கண்ட இடத்தில முறிச்சுப்போடும். முதல் நிரையைத் தலைப்பு நிரை எண்டு அட்டவணை அமைப்பில குறிக்கவும் வேணும், அப்பதான் திரைவாசிப்பான் ‘நேரம், 6.30’ எண்டு சேத்து வாசிக்கும், வெறும் 6.30 எண்டு வாசிக்காது. நேரத்தோட மு.ப., பி.ப. போடுங்கோ.